இரண்டு பொட்டலம் ஈயம்

சமையலறையில் ஈயம் காய்ச்ச வேண்டாம் என்று அந்த மனிதனுக்கு எத்தனையோ தரம் சொன்னேன். புகை சட்டி பானைக்குள் இறங்கும், அதில்தான் உங்களுக்கும் சமைக்கிறேன் என்றேன். "ஜன்னலைத் திற" என்றார். அதுதான் அவருடைய பதில். எதற்கும் அதுதான்.

அவர் ஓய்வு பெற்ற வக்கீல். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் அவரைச் சிஞ்ஞோரே என்போம், மனைவியைச் சிஞ்ஞோரா என்போம். தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவரும் அந்த வீட்டில் வேலை செய்தோம். எனக்குச் சமையலும் துடைப்பும். இவருக்குக் கார் ஓட்டுவது, கடைக்குப் போவது, சிஞ்ஞோரேயைப் படியில் ஏற்றி இறக்குவது. காலையில் நாங்கள் குடியிருந்த சீசாவிலிருந்து பஸ் எடுத்துப் போவோம், பின்னேரம் திரும்புவோம். எங்கள் கொன்ட்ராத்தோவில் கையெழுத்து வைத்தவர் அவர். அந்த வேலைப் பத்திரம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்க முடியாது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று ஒருவரும் என்னைக் கேட்கக்கூடாது.

வீடு பழைய நகரத்துக்குள், இரண்டாம் மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரில் ஒரு வீடு. வீடு என்றால் பாதி வீடு. யுத்தத்தில் குண்டு விழுந்தது, ஐம்பது வருஷமாக ஒருவரும் அதைத் திருத்தவில்லை. பலேர்மோவில் அப்போது அப்படி எத்தனையோ கிடந்தன. முன்சுவர் முழுதாகப் போய்விட்டது. மேல்மாடியில் குளியலறை இருந்த இடத்தில் நீல ஓடு பதித்த சுவர் மட்டும் வெயிலில் மினுங்கும். கீழே அடுப்படி இருந்த இடத்தில் ஓர் அத்திமரம். சுவரோடு பழைய தண்ணீர்க் குழாய்கள் நரம்பு மாதிரி இறங்கும். மழை நாளில் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் இங்கே கேட்கும், யாரோ மேலே குளிக்கிற மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. ஜன்னலை முடிந்தவரை சாத்தியே வைத்திருப்பேன்.

சிஞ்ஞோரா பிறந்தது அந்த வீட்டில். அவருடைய தாய் செத்ததும் அங்கேதான், அந்தக் குண்டில். அந்தச் சமயம் பக்கத்து ஊரான பகேரியாவில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தபடியால் சிஞ்ஞோரா தப்பினார். பிறகு கலியாணம் முடித்து வந்ததும் அதற்கு நேரெதிரே, சிஞ்ஞோரேயின் வீட்டுக்கே. நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கோப்பி குடிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி.

சிஞ்ஞோரே ஈயம் எடுத்தது அந்த வீட்டுச் சுவரிலிருந்து.

அவரிடம் பாட்டனின் துவக்கு ஒன்று இருந்தது. எங்கள் வன்னியில் இடியன் என்கிறோமே, அந்தச் சாதி. குழலின் வாயால் கறுப்பு வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். ஒரு வெடிதான். அடுத்த வெடிக்கு முதலில் இருந்து எல்லாம் செய்ய வேண்டும். அதற்குக் கடையில் குண்டு வாங்க முடியாது, நாமே வார்க்க வேண்டும். அதுவும் மெத்தென்ற ஈயமாக இருக்க வேண்டுமாம். கராஜில் கார்ச் சில்லுக்குப் போடும் ஈயம் கடினம், குழலுக்குள் இருக்கும் வரிகளைப் பிடிக்காது. பழைய தண்ணீர்க் குழாய் ஈயம்தான் சுத்தமானது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லுவார், நான் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறேன் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல்.

ஒரு மேசனைப் பிடித்துக் குழாய்களைக் கழற்றுவித்தார். துண்டு துண்டாக வெட்டி என் அடுப்பில் ஏற்றினார். ஈயம் உருகி முகம் தெரிகிற கண்ணாடி மாதிரி வந்தபோது சிஞ்ஞோரா உள்ளே வந்தார். அவர்கள் கதைத்தது இத்தாலியனில். என் பாஷையில் எழுதுகிறேன்.

"எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"முன்னாலை. ஆருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது."

"அந்தத் தண்ணியிலை அம்மா எனக்குத் தலை முழுக வாத்தவ."

சிஞ்ஞோரே என்னைப் பார்த்து, "ஜன்னலைத் திற" என்றார்.

நான் திறந்தேன். எதிர்ச் சுவரில் குழாய் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சிஞ்ஞோரா அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அழவில்லை, கத்தவில்லை. நானாக இருந்தால் அந்தச் சட்டியைத் தூக்கிச் சிஞ்ஞோரேயின் காலில் ஊற்றியிருப்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து செய்தி வந்தது. சிஞ்ஞோரேயின் குடும்பத்துக்கு மடோனியே மலைப்பக்கம் கொஞ்சம் காணி இருந்தது. அங்கே ஒரு காவல்காரன், அவனிடம் இரண்டு நாய்கள். மலை முழுக்கப் பன்றி. காட்டில் விட்ட வீட்டுப் பன்றியும் காட்டுப் பன்றியும் கலந்து பெருகின சாதி. ஆனால் காவல்காரன் சொன்னது கூட்டத்தோடு சேராமல் திரிகிற ஒரு கிழட்டு ஒற்றையனைப் பற்றி. அது கிண்டிய நிலத்தைப் பார்த்தால் மாடு உழுத மாதிரி இருக்குமாம். வருகிற சத்தம் கேட்காதாம். சருகு கூட முறியாதாம். அவனுடைய நாய்கள் மற்றப் பன்றிகளைக் கண்டால் தொண்டை கிழியக் குரைக்கும், இதைக் கண்டால் மட்டும் திரும்பி வந்து அவன் காலுக்குள் படுத்துவிடுமாம்.

சிஞ்ஞோரேக்குக் கண் மினுங்கத் தொடங்கியது. பாட்டனின் துவக்கால் அதை அடிக்க வேண்டும், அதுவும் வேறு துவக்கு ஒன்றும் பக்கத்தில் இல்லாமல். வேறு துவக்கு வைத்திருந்தால் பாட்டனுக்கு மரியாதை இல்லையாம். பக்கத்தில் நின்று கோலும் மருந்தும் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அது என் கணவர்.

இவருக்கும் ஆசைதான். அதை ஒளிப்பானேன். படி கழுவி, மரக்கறி சுமந்து அலுத்துப்போன மனிதன். மலை, நாய், துவக்கு என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

இனிக் குண்டுக் கதை. அந்தக் குழலுக்கு இரண்டு அச்சு இருந்தது. ஒன்று உருண்டைக் குண்டு, பெரிய மாபிள் போல. கொழுப்புத் தடவிய துணியில் சுற்றி இறக்குவது. மற்றது நீளக் குண்டு, அடியில் வரிவரியாகக் கொழுப்புப் பூசுவது. குழல் ஒன்றுதான், ஆனால் நீளக் குண்டு உருண்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். உருண்டை வேகமாகப் போகும், நேராகப் போகும், தோளில் அவ்வளவு உதைக்காது. நீளக் குண்டு மெதுவாகப் போகும், தூரத்தில் கீழே விழும், ஆனால் எதில் பட்டாலும் நிற்காது. தூரம் பற்றி யோசிக்கத் தேவையில்லை, அந்தப் பற்றைக்குள் பன்றி கைக்கெட்டின தூரத்தில்தான் தெரியும். கிழட்டுப் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரி ஒரு தடிப்புத் தோல் இருக்கும். அதைத் துளைக்குமா என்பதுதான் கேள்வி.

அப்படியென்றால் நீளக் குண்டைப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சிஞ்ஞோரேயின் நெஞ்சில் பெட்டி இருந்தது. இதயத்தைத் துடிக்க வைக்கிற பெட்டி, இடது பக்கம், தோலுக்குக் கீழே. சட்டை மாற்றும்போது நான் பார்த்திருக்கிறேன். நெருப்புப்பெட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். அவர் இடதுகைக்காரர். துவக்கின் அடிக்கட்டை வந்து அழுத்துவது சரியாக அந்த இடத்தில். உதை கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். துவக்கே கூடாது என்றும் சொல்லியிருந்தார், அதை அவர் மறந்துவிட்டார்.

பகேரியாவுக்குப் பக்கத்தில் பழைய கல்லுடைத்த குழி ஒன்றுக்குப் போய் இரண்டு குண்டையும் சுட்டுப் பார்த்தார்கள். அதற்காக நான் பழைய டெலிபோன் புத்தகங்களைக் குளியல் தொட்டியில் ஊறவைத்துக் கொடுத்தேன். முன்னால் குதிரைச் சேணத் தோல், பின்னால் ஈரப் புத்தகம். பன்றிக்குப் பதிலாக.

அன்று இவர் வீட்டுக்கு வந்தபோது மன்னாரக்காவும் இருந்தா. மன்னாரக்கா என்பது எங்களோடு சீசாவில் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த மனுஷி, வேதக்காரி, வாய்க்காரி.

"உருண்டை புத்தகத்துக்குள்ளை பாதியிலை நிண்டிட்டுது" என்றார் இவர். "நீளக் குண்டு எல்லாத்தையும் துளைச்சு, பின்னாலை கல்லையும் உடைச்சுது."

"அப்ப அதைப் போடச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"உதைக்குது இஞ்சேரப்பா. இஞ்சை பார்." சட்டையைக் கழற்றினார். தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"உங்களை ஆர் வைச்சுச் சுடச் சொன்னது?"

"பின்னை? அந்தப் பெட்டியை வைச்சுக்கொண்டு அவரோ சுடுறது?"

"அங்கை மலையிலை அவர்தானே சுடப்போறார்! அதுக்கும் உங்கட தோளைக் கழட்டிக் குடுக்கப் போறீங்களோ?"

மன்னாரக்கா சோற்றைப் பிசைந்தபடி கேட்டா. "தம்பி, மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டால் உதை குறையும்தானே?"

"குறைச்சும் பாத்தம் அக்கா. குண்டு சுத்தாமல் சரிஞ்சு போகுது. கடதாசியிலை வட்ட ஓட்டை இல்லை, நீட்டுக்குக் கிழிஞ்சு கிடக்கு. சரிஞ்சு போற குண்டு துளைக்காது."

"அப்ப ஒண்டு கிழவனைக் கொல்லும், மற்றது உம்மைக் கொல்லும். நல்ல சாமான்தான்." மன்னாரக்கா சிரித்தா. இவரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வன்னியில் எங்கள் பக்கத்து வளவுக்காரரைக் காயம்பட்ட பன்றி ஒன்று கிழித்ததை நான் பார்த்தவள். துவக்கில் சின்னச் சன்னம் போட்டிருந்தார். சன்னம் தோலில் நின்றது, பன்றி நிற்கவில்லை. தொடையைத் திறந்துவிட்டது. திறந்துவிட்டது என்றால் அலுமாரியைத் திறந்த மாதிரி. அவர் அதற்குள்ளேயே பார்த்தபடி இருந்தார், கத்தவே இல்லை. பின்னேரத்துக்குள் முடிந்துவிட்டது. மலையில் சிஞ்ஞோரே ஒரு பாறையில் ஏறி இருந்து சுடுவார். பாறையில் ஒருவருக்குத்தான் இடம், கீழே நிற்கப்போவது என் மனிதன். கையில் ஒரு மரக்கோலோடு.

சிஞ்ஞோராவும் விடவில்லை. டொக்டருக்குச் சொன்னால் துவக்கு லைசென்ஸ் போய்விடும் என்று அவருக்குத் தெரியும், அதை வைத்துப் பயமுறுத்தினார். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரே மனைவியிடம் சொன்னார், "சரி. ஈயத்தை நீ தெரிவு செய். எதைத் தந்தாலும் அதைப் போடுறன், ஒரு கதையும் கதைக்க மாட்டன். ஆனால் என்னை ஒருக்காப் போகவிடு."

தெரிவு செய்யப்போவது பெண்சாதி. எந்தப் பெண்சாதி தன் புருஷனுக்கு உதைக்கிற குண்டை எடுத்துக் கொடுப்பாள்? உருண்டையைத்தான் எடுப்பாள். நானாக இருந்தாலும் எனக்கு வேண்டியதைத்தான் எடுத்திருப்பேன்.

ஆனால் சிஞ்ஞோரா உடனே தெரிவு செய்யவில்லை. "செத்தவையிட்டைக் கேக்கப்போறன். நீயும் வா" என்றார்.

ஒரேத்தோ ஆற்றுப் பக்கம், பழைய பாலத்துக்குக் கிட்ட, ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. முந்தின காலத்தில் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர்களைப் புதைத்த இடம். கள்ளன், கொலைகாரன், எல்லாரும். பலேர்மோச் சனம் அந்த ஆத்துமங்களைக் கும்பிடும். பழைய பெண்கள் அங்கே போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியே வந்து காது கொடுத்து நிற்பார்கள். முதலில் கேட்கிற சத்தம்தான் பதில். நாய் குரைத்தாலோ மணி அடித்தாலோ நல்லது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டால் கூடாது. அப்போதே அது அருகிப்போன வழக்கம். சிஞ்ஞோரா மாதிரி ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம்.

அன்று ஷிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று. வானம் மஞ்சள். கார்க் கண்ணாடிகளில் எல்லாம் செம்மண் தூசு. சிஞ்ஞோரா பாலத்தடியில் சப்பாத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். உள்ளே போய் ஏதோ முணுமுணுத்தார். வெளியே வந்து தெருவோரத்தில் நின்றார். "மணியோ நாயோ எண்டால் உருண்டை. தண்ணி எண்டால் நீளம்" என்று என் காதுக்குள் சொன்னார்.

நாங்கள் நின்றோம். பெரிய தெரு அது. லொறி, பஸ், மோட்டார் சைக்கிள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போனது. சத்தம் இல்லை. ஒருவன் வண்டியில் மீன் வைத்து வாயை ஆவென்று திறந்து கூவினான். சத்தம் இல்லை. காற்றுக்கு ஒரு தகரம் அடித்து அடித்துப் பறந்தது. அதிலும் இல்லை. என் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் சிஞ்ஞோரா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவருடைய கால் விரல்கள் மண்ணில் உரசுவதும் கேட்டது. மற்ற எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல நடந்தது.

பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தது. எது முதல் என்று பிரிக்க முடியவில்லை.

சிஞ்ஞோராவின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சப்பாத்தைப் போட்டார். "இதிலை கதைக்க அவையளுக்கு விருப்பமில்லை" என்றார். காற்றுக்குக் காது அடைத்திருக்கும் என்றார் இவர், பின்னேரம் சொன்னபோது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலா அடைக்கும்? விசர்க் கதை.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோரா சமையலறையில் எனக்காகக் காத்திருந்தார். "உங்கட சாமியிட்டைக் கேள்" என்றார்.

அவருக்கு அது எப்படித் தெரியும் என்றால், கொஞ்ச நாளுக்கு முன்னர் என் தம்பியைக் கொழும்புக்கு எடுப்பதா விடுவதா என்று நான் அந்தச் சமையலறையிலேயே பூக்கட்டிப் பார்த்தேன். ஊரில் அப்போது சனம் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ, சாமிக்கு முன்னால் வைத்து, உள்ளே என்ன என்று தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்க வேண்டும். அன்று எடுத்தது சிஞ்ஞோராதான். எடுக்கலாம் என்கிற வெள்ளை வந்தது. தம்பி தப்பி வந்துவிட்டான். அதிலிருந்து அவருக்கு என் பிள்ளையாரில் ஒரு மதிப்பு. பிள்ளையார் படம் உப்பு டின் வைக்கிற தட்டில் இருந்தது.

"பூ வேணும்" என்றேன்.

"பூ எதுக்கு? குண்டையே கட்டு."

அந்த யோசனை அவருடையது. எனக்கும் சரியாகத்தான் பட்டது. கேக் சுடுகிற கடதாசியில் உருண்டையை ஒன்றிலும் நீளக் குண்டை மற்றதிலும் வைத்தேன். வடிவம் தெரியக்கூடாது என்று கடதாசியைக் கசக்கிக் கசக்கிச் சுற்றி, இரண்டையும் ஒரே மாதிரிப் பந்தாக்கினேன். வெள்ளை நூலால் கட்டினேன். அவர் வெளியே நின்றார். இரண்டையும் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து நானே குலுக்கி மாற்றிவிட்டு, அவரை உள்ளே வரச் சொன்னேன்.

வந்தார். கையை நீட்டினார். அந்தக் கை ஒரு பொட்டலத்தைத் தூக்கியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் ஒரே பாரம். குண்டு அப்படியா? கண்ணைக் கட்டினாலும் கைக்குத் தெரியுமே! இதில் சாமிக்கு என்ன வேலை?

அவர் முதற் பொட்டலத்தை வைக்கவில்லை. மற்றக் கையால் மற்றதையும் எடுத்தார். அது முறையே இல்லை. தொட்டதை எடுக்க வேண்டும், அதுதான் முறை. அவர் இரண்டு உள்ளங்கையிலும் இரண்டையும் வைத்து, சந்தையில் தக்காளி நிறுக்கிற மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சரி, முடிந்தது, என் மனிதன் ஒரு மாபிளை நம்பிப் பன்றிக்கு முன்னால் நிற்கப்போகிறான் என்று நினைத்தேன். "சிஞ்ஞோரா, இப்பிடி இல்லை..." என்று தொடங்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். எதிரில் நீல ஓட்டுச் சுவர், அதில் குழாய் கழற்றிய வெள்ளைக் கோடு. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. செத்தவர்களின் முகத்தில் இருப்பது போல ஒன்றுமே இல்லை. ஒரு பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். மற்றதை என் கையில் தந்தார்.

"இது."

என் கை கீழே இறங்கியது. பாரம். நூலை அறுத்தேன். நீளக் குண்டு.

எனக்குச் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது? சந்தோஷம்தான். அவர் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். உருண்டைப் பொட்டலத்தைத் தேடினேன், அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

சிஞ்ஞோரே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குண்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சிரித்தார். "கிழவி தைரியக்காரி" என்றார்.

விடியவே போனார்கள். நான் சிஞ்ஞோராவோடு வீட்டில் இருந்தேன். வெயில் நாள், ஒரு முகில் இல்லை. அவர் சமையலறைக் கதிரையை இழுத்து ஜன்னலுக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பருப்பு வேகவைத்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டேன். மத்தியானம் கிட்ட அந்தச் சத்தம் தொடங்கியது. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம். முதலில் எங்கள் சமையலறைக் குழாய் என்று போய்ப் பார்த்தேன். பூட்டிக் கிடந்தது. குளியலறையையும் பார்த்தேன். பிறகுதான் ஜன்னலுக்கு வந்தேன். சத்தம் எதிரில் இருந்து வந்தது. மேல்மாடியில் இருந்து கீழே இறங்கி, கொஞ்சம் நின்று, திரும்ப ஓடியது. மழை இல்லை. குழாயும் இல்லை. குழாயெல்லாம் என் அடுப்பில் உருகிப் போய்விட்டதே.

"கேக்குதோ?" என்றார் சிஞ்ஞோரா.

"ஓம்."

"அம்மா குளிக்கிறா."

தண்ணீர்ச் சத்தம் கூடாத பதில் என்று எனக்கு அந்தத் தெருவோரம் ஞாபகம் வந்தது. யாருக்குக் கூடாது என்பதுதான் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தப் போனேன். "விடு" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. விட்டேன். சத்தம் நிற்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

பொழுது சாயும் முன் கார் வந்தது. நான் படியில் விழுந்தடித்து இறங்கினேன். இவர் காரிலிருந்து இறங்கினார். இரண்டு கை, இரண்டு கால். சப்பாத்தில் இரத்தம், ஆனால் அவருடையது அல்ல. நான் அவரை நெஞ்சில் ஓர் அடி அடித்தேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னப்பா, பண்டிக்குத் தப்பி வந்தால் நீ அடிக்கிறாய்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். சத்தமே கேட்கவில்லை. நாய்கள் இரண்டும் திரும்பி வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டன. குனிந்து நாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பன்றி நிற்கிறது. பற்றைக்கு வெளியே, கைகாட்டுகிற தூரத்தில், அவரையே பார்த்தபடி. அது மூச்சு விட்டதுகூடக் கேட்கவில்லையாம். அது வரத் தொடங்கியது. பாறையிலிருந்து வெடி கேட்டது. கறுப்பு மருந்து அல்லவா, எல்லாம் புகை. புகைக்குள் கோலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாராம். புகை விலகியபோது பன்றி அவர் சப்பாத்தில் மூக்கை வைத்துக் கிடந்தது. குண்டு தோளில் கேடயத்தைத் துளைத்து, உள்ளே எல்லாவற்றையும் துளைத்து, மற்றப் பக்கத்தால் வெளியே போய்விட்டது. உருண்டையாக இருந்தால் தோலிலேயே நின்றிருக்கும் என்றானாம் காவல்காரன்.

பாறையில் சிஞ்ஞோரே மல்லாந்து கிடந்தார். இடது கையால் நெஞ்சைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு அவர் நிற்கத் தொடங்கினார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லின் நடுவில் நிற்பார். கரண்டி வாய்க்குக் கிட்ட நிற்கும். கண் திறந்திருக்கும், ஆனால் அங்கே ஆள் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு விட்ட இடத்திலிருந்து அதே சொல்லைச் சொல்லி முடிப்பார். தான் நின்றது அவருக்குத் தெரியாது. உதையில் பெட்டியின் வயர் விட்டுப் போயிருக்கும் என்று எனக்கே விளங்கியது.

"டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சிஞ்ஞோராவிடம் சொன்னேன். இவர் சிஞ்ஞோரேயிடமே சொன்னார். போனால் லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள் என்று அவர் மறுத்தார். சிஞ்ஞோராவும் வற்புறுத்தவில்லை. "அவருக்கு விருப்பமில்லை" என்றார், ஆற்றங்கரையில் சொன்ன அதே குரலில். நிற்கும்போது அவரைப் பார்த்தபடி இருப்பார். ஒரு மணிக்கூடு ஓடுமா ஓடாதா என்று பார்ப்பவர் மாதிரி.

நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானம், மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சமையலறை முழுக்கப் புகை. அவர் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். "ஜன்னலை" என்றார். நின்றார். நான் மிச்சச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்தபடியே கீழே இறங்கினார்.

செத்தவீடு முடிந்து, கறுப்பு உடுப்போடு சிஞ்ஞோரா சமையலறையில் இருந்தபோது கேட்டேன். எனக்கு மனதில் வைத்துக்கொண்டிருக்க வராது.

"சிஞ்ஞோரா, அண்டைக்குப் பாரமானது எது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"இல்லை" என்றார். "ரெண்டும் ஒரே பாரம் எண்டுதான் என்ர கைக்குத் தெரிஞ்சுது."

இரண்டு மடங்கு வித்தியாசம். குழந்தைக்கும் தெரியும். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். பிறகு எழுந்து போய் எங்கள் புதிய கொன்ட்ராத்தோவைக் கொண்டுவந்து, தன் பெயரில் கையெழுத்து வைத்து மேசையில் வைத்தார். அதன் மேல் உருண்டைப் பொட்டலத்தை வைத்தார். நூல் அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. "இது உனக்கு" என்றார்.

எங்களுக்காகத்தான் அவ பாரமானதை எடுத்தவ என்று இவர் இன்றைக்கும் சொல்லுவார். மன்னாரக்கா, குழாய்க்குப் பழிவாங்கத்தான் எடுத்தவ என்றா. இருவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்த எனக்கு எதுவும் தெரியவில்லை. என் மனிதனின் உயிர் அந்தக் கையில்தான் இருந்தது, அந்தக் கை அதைத் திருப்பித் தந்தது. ஆனால் நன்றி என்று ஒரு சொல் என் வாயில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அவர் அறைக்குப் போனதும் ஜன்னலைத் திறந்தேன். பொட்டலத்தை எடுத்து எதிர் வீட்டுக்குள், அந்த அத்திமரத்தடிக்கு, பலமாக எறிந்தேன். ஈயம், கல், இரண்டு மாடி உயரம். காதைக் கொடுத்து நின்றேன். கீழே தெருவில் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது, எங்கேயோ ரேடியோ கேட்டது. அது விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டுச் சட்டி கழுவப் போனேன்.